கோல்ட்ரேன் வீட்டு சுருதி

ஜாஸ் கேட்க ஆரம்பிக்கிற நிறைய பேர் ஜான் கோல்ட்ரேன்கிட்ட வந்து ஒரு இடத்துல நின்னுடுவாங்க. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட "கைண்ட் ஆஃப் ப்ளூ"ல அவர் சாக்ஸ், அதாவது சாக்ஸபோன், வாசிச்சது பிடிச்சிருக்கும், "மை ஃபேவரிட் திங்ஸ்" ரொம்பவே பிடிச்சிருக்கும், "எ லவ் சுப்ரீம்" வரைக்கும் கூட வருவாங்க, அதுக்கப்புறம் 1965ல "அசென்ஷன்"னு ஒரு ரெக்கார்டு, பதினோரு பேர் சேர்ந்துகிட்டு ஏறக்குறைய நாப்பது நிமிஷம் விடாம கதறுற மாதிரி இருக்கும், அங்க வந்ததும் போதும்னு வச்சிடுவாங்க. அவரோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனைப் பத்தி கேட்டா "ஹார்ப்ங்கற பெரிய நரம்பு வாத்தியம் வாசிச்சவங்க, அப்புறம் சன்னியாசம் வாங்கிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிஞ்சிரும். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் கேட்டுகிட்டு இருந்தேன், முதல் பாதி ஜான் நல்லவர், பின்பாதி ஜான் கஷ்டமானவர், ஆலிஸ் வேற யாரோன்னு. வரிசையா, தேதிப்படி உட்கார்ந்து கேட்டப்பதான் பிடிபட்டுச்சு, இந்த ரெண்டு பேரும் போனது ஒரே பாதை. முதுகுல சுமந்துகிட்டு வந்த கார்டுகளை ஒவ்வொண்ணா இறக்கி வச்சுகிட்டே ஒரு சுருதியைத் தேடிப் போன பாதை.

முதல்ல அந்த கார்டு விஷயத்தைப் பேசிடணும், ஏன்னா மொத்த கதையும் அதுமேலதான் நிக்குது. கீபோர்டு கிளாஸ் போனவங்களுக்குத் தெரியும், மூணு நாலு சுரத்தை ஒண்ணா சேர்த்து அமுக்குறதுதான் கார்டு. ஜாஸ்ல ஒரு பாட்டுன்னா அடியில ஒரு கார்டு வரிசை சக்கரம் மாதிரி சுத்திகிட்டே இருக்கும், பெரும்பாலும் 32 பார் (பார்னா நம்ம ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு), முடிஞ்சதும் திரும்ப முதல்லேருந்து. சோலோ வாசிக்கிறவர் அந்த சுத்துற சக்கரத்து மேல நின்னுகிட்டு அந்த நொடியிலேயே புதுசா மெலடி கட்டணும், கார்டு மாறுறப்பல்லாம் அவர் எடுக்குற சுரமும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறணும். நம்ம கச்சேரியில தம்புரா கீழ ஆதாரத்தைப் பிடிச்சுகிட்டே இருக்கும், அது நகராது, ராகம் அதுக்கு மேல விரியும். இங்க தரையே நகர்ந்துகிட்டு இருக்கும். 1940கள்ல சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப்னு ஒரு புது ஜாஸ் பாணியைக் கொண்டு வந்தப்ப அந்த தரை இன்னும் வேகமா ஓட ஆரம்பிச்சுது. அந்த வேகத்துல வளர்ந்த பையன்தான் கோல்ட்ரேன்.

பொறந்தது 1926 செப்டம்பர் 23, வட கரோலினால ஹேம்லெட்ங்கற சின்ன ஊர், வளர்ந்தது அதே மாநிலத்துல ஹை பாயிண்ட். அப்பா தையல்காரர், வீட்டுல வாத்தியம் வாசிப்பார். அம்மாவழி தாத்தா வில்லியம் பிளேர் கறுப்பர் சர்ச்சுல பெரிய போதகர், அந்த வீட்டுல வளர்ந்த பையனுக்கு பிரசங்கத்தோட ஏற்ற இறக்கம் ரத்தத்துல ஊறியிருக்கும், இதைப் பின்னாடி சொல்றேன், ஞாபகம் வச்சுக்கங்க. பையனுக்கு பன்னெண்டு வயசு இருக்கறப்ப சில மாசத்துக்குள்ள தாத்தா, அப்பான்னு நெருங்கினவங்க வரிசையா போயிட்டாங்க. அம்மா வேலை தேடி வடக்க போக வேண்டியதாச்சு. அந்த சமயத்துலதான் பையன் கையில வாத்தியம் வருது, கிளாரினெட், அப்புறம் ஆல்ட்டோ சாக்ஸ், கையில எடுத்தவர் கீழ வைக்கவே இல்ல.

1943ல பிலடெல்ஃபியா. 1945ல அங்க சார்லி பார்க்கர் வாசிக்கிறதை நேர்ல கேட்டாரு, அடி விழுந்த மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி அவரே சொல்லிருக்காரு. கொஞ்ச நாள் கடற்படை, ஹவாயில. திரும்பி வந்து பத்து வருஷம் கூலிக்கு வாசிச்சாரு, கில்லெஸ்பி பேண்டு, ஜானி ஹாட்ஜஸ் பேண்டு, நடுவுல ரிதம் அண்ட் ப்ளூஸ் குரூப்புங்க, அதுல சாக்ஸ் வாசிக்கிறவர் பார் கவுண்டர் மேல ஏறி கிளாஸுங்களுக்கு நடுவுல நடந்துகிட்டே வாசிக்கணும், ஜனங்க கைதட்டுவாங்க, அந்த மனுஷனுக்கு அதுல அவ்வளவு கூச்சம். ஹெராயின் பழக்கமும் அந்த வருஷங்கள்லதான் வந்துச்சு, பார்க்கர் தலைமுறையைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பசங்களை அது கொண்டு போயிருக்கு. 1955ல மைல்ஸ் டேவிஸ் தன் குவின்டெட்டுக்கு, அதாவது அஞ்சு பேர் குழுவுக்கு, கூப்பிட்டப்ப இவருக்கு 29 வயசு ஆகுது, வெளியில பெருசா யாருக்கும் பேர் தெரியாது. ஜாஸ்ல 29ங்கறது லேட்டு. பார்க்கர் 34 வயசுல செத்தே போயிட்டாரு.

1957 ஏப்ரல்ல மைல்ஸ் அவரை பேண்டை விட்டு அனுப்பிட்டாரு, மேடையில போதையில நிக்கிறவரை வச்சுகிட்டு எத்தனை நாள் ஓட்டுறது. கோல்ட்ரேன் பிலடெல்ஃபியா வீட்டுக்குத் திரும்பிப் போயி, அம்மாவும் அப்போதைய மனைவி நைமாவும் பக்கத்துல இருக்க, மருந்து மாத்திரை துணை இல்லாம ஹெராயினை அப்படியே நிறுத்தினாரு. உடம்பு படுற பாட்டை சொல்லி மாளாது. ஏழு வருஷம் கழிச்சு "எ லவ் சுப்ரீம்" ரெக்கார்டு அட்டையில அவரே எழுதுறாரு, 1957ல கடவுள் அருளால எனக்கு ஒரு ஆன்மிக விழிப்பு வந்துச்சு, இசையால மத்தவங்களை சந்தோஷப்படுத்துற வழியும் வரமும் கொடுன்னு கேட்டேன்னு.

அந்த வருஷமே கோடை காலத்துல தெலோனியஸ் மங்க்கோட நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கஃபேல வாசிக்கிற வாய்ப்பு வந்துச்சு. மங்க்கோட வீட்டுக்குப் போவாரு, மங்க் பியானோவுல உட்கார்ந்து பாட்டை வாசிச்சுக் காட்டுவாரு, இவர் சாக்ஸ்ல தேடித்தேடிப் பிடிப்பாரு, சந்தேகம் வந்தா நிறுத்திக் கேட்பாரு, முடியலன்னாதான் எழுதின தாளை எடுத்துக் காட்டுவாரு மங்க். குருகுலம்னே சொல்லலாம். மங்க்கை உச்சத்துல இருக்குற ஒரு இசைக் கட்டடக் கலைஞர்னு கோல்ட்ரேன் பின்னாடி சொன்னாரு. சாக்ஸ்ல ஒரே சமயத்துல ரெண்டு மூணு சுரம் எழுப்புற வித்தையையும் முதல்ல காட்டிக் கொடுத்தவங்கள்ல மங்க் ஒருத்தர். இவங்க ரெண்டு பேரும் அந்த நவம்பர்ல கார்னகி ஹால்ல வாசிச்ச டேப் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல ஒரு பெட்டியில அரை நூற்றாண்டு தூங்கி 2005லதான் கண்டுபிடிச்சாங்க, கேக்காதவங்க முதல்ல அதைக் கேளுங்க, தெளிஞ்ச மனுஷன் எப்படி வாசிப்பாங்கறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

1958ல மைல்ஸ்கிட்டயே திரும்பிப் போனாரு. அப்போ அவர் வாசிப்பு எப்படி இருந்துச்சுன்னா, ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை விதமா சுரம் எடுக்க முடியுமோ அத்தனையையும் எடுத்துப் பாத்துடணும்னு ஒரு வெறி, அருவி மாதிரி கொட்டும், இரா கிட்லர்ங்கற விமர்சகர் அதுக்கு "ஷீட்ஸ் ஆஃப் சவுண்ட்"னு பேர் வச்சாரு. சாதகம் சாதகம்னு நாள் முழுக்க அதே வேலை, மேடையில ஒரு செட்டு முடிஞ்சு மத்தவங்க இளைப்பாறப் போனா இவர் பின்னாடி ரூம்ல ஸ்கேல், அதாவது நம்ம ஆரோகண அவரோகணம் மாதிரி சுர வரிசை, வாசிச்சுகிட்டு இருப்பாரு. சாக்ஸ் புஸ்தகம் பத்தாம நிக்கலாஸ் ஸ்லொனிம்ஸ்கியோட தடிமனான ஸ்கேல் புஸ்தகத்தை வச்சு உருப்போட்டாரு. ஜீனியஸ்னு ஒரு வார்த்தையில இவரை முடிச்சிடுறாங்க, எனக்கு அது பிடிக்காது. அந்த வார்த்தை உழைப்பை மறைச்சிடுது. 29 வயசுல சாதாரணமா வாசிச்சுகிட்டு இருந்த ஒருத்தர் 33 வயசுல யாரும் எட்ட முடியாத இடத்துக்குப் போனாருன்னா அந்த நாலு வருஷத்துல அவர் தினமும் என்ன பண்ணாருங்கறதுதான் கதை.

1959 வசந்த காலம்தான் இதுல முக்கியமான திருப்பம். மார்ச்சுலயும் ஏப்ரல்லயும் மைல்ஸோட "கைண்ட் ஆஃப் ப்ளூ" பதிவு. அதுல முதல் பாட்டு "சோ வாட்", 32 பார்ல ரெண்டே ரெண்டு ஸ்கேல்தான், 16 பார் ஒண்ணு, 8 பார் அரை சுரம் மேல இன்னொண்ணு, திரும்ப 8 பார் பழையது. தரை கிட்டத்தட்ட நின்னுடுச்சு. மைல்ஸ் கார்டு கூட்டத்தையெல்லாம் வாரி ஒதுக்கிட்டு, இந்தா இடம், இப்ப மெலடி யோசின்னு சொன்ன மாதிரி. சில வாரம் கழிச்சு மே மாசம் அதே கோல்ட்ரேன் தன் சொந்த ரெக்கார்டுக்கு ஸ்டூடியோ போறாரு, "ஜயன்ட் ஸ்டெப்ஸ்". இதுல 16 பார்ல 26 கார்டு. அதுவும் ஒரே ஸ்தாயியை மூணு சம பங்கா வெட்டி மூணு இடத்துல மூணு ஆதார சுருதி வச்சு, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவிகிட்டே இருக்கும், ஒரு சுத்து முடிய பதிமூணு செகண்டுதான் ஆகும், அவ்வளவு வேகம்.

அந்த ரெக்கார்டிங்ல பியானோ டாமி ஃப்ளானகன், அந்தக் காலத்து நல்ல பியானோக்காரர்கள்ல ஒருத்தர், விரல் அவ்வளவு சுத்தம். கோல்ட்ரேன் இந்த கார்டு வரிசையை வீட்டுல மாசக்கணக்கா உருட்டினவர், நேரா பாய்ஞ்சு போறாரு, மூச்சு விடறதுக்கு இடம் இல்லாம ஒரு சுத்துலேருந்து அடுத்த சுத்துக்குத் தாண்டிப் போறாரு. அடுத்து ஃப்ளானகன் சோலோ. முதல்ல ஒரு வரி பிடிக்கிறாரு, அப்புறம் துண்டு துண்டாகுது, நடுவுல இடைவெளி விழுது, கடைசியில மெலடியை விட்டுட்டு வெறும் கார்டு மட்டும் அமுக்கிகிட்டு சமாளிக்கிறாரு, உடனே கோல்ட்ரேன் திரும்ப உள்ள வந்துடறாரு. அதை வச்சு ஃப்ளானகனை குறைவா பேசறவங்களை நான் பார்த்திருக்கேன், அது நியாயமே இல்ல, அந்த வேகத்துல அந்த பாதையில உலகத்துல அன்னிக்கு ஒரே ஒருத்தர்தான் நடந்து பழகியிருந்தாரு. 1982ல ஃப்ளானகன் அதே பாட்டை அதே பேர்ல ஒரு ஆல்பத்துல திரும்ப வாசிச்சாரு, அழகா, நிதானமா, ஒரு இடத்துல கூட தடுமாறாம. அந்த ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா மனசு கரைஞ்சிடும்.

"ஜயன்ட் ஸ்டெப்ஸ்"தான் கோல்ட்ரேனோட கார்டு பாதையோட உச்சி. அதுக்கு மேல ஏற இடம் இல்லன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கணும். ஏன்னா அதே ஆல்பத்துல "நைமா"ன்னு மனைவி பேர்ல ஒரு மெதுவான பாட்டு இருக்கு, அதுல பால் சேம்பர்ஸ் பேஸ்ல (கீழ்ஸ்தாயி சுரம் பிடிக்கிற பெரிய நரம்பு வாத்தியம்) ஒரே சுரத்தைப் பிடிச்சுகிட்டு விடவே மாட்டாரு, மேல பியானோ கார்டு மேகம் மாதிரி மாறி மாறிப் போகும், கீழ தரை அசையாது. நடுப்பகுதியில மட்டும் அந்த சுரம் ஒருதரம் இடம் மாறி அங்கயும் அப்படியே நிக்கும். 26 கார்டு ஒரு பக்கம், அசையாத ஒரு சுரம் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே ரெக்கார்டுல. அவர் எந்தப் பக்கம் போகப் போறாருன்னு அங்கயே எழுதியிருக்கு.

1960ல சொந்தமா நாலு பேர் குழு, குவார்ட்டெட், பியானோ மெக்காய் டைனர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், பேஸ்ல கொஞ்சம் ஆள் மாறி கடைசியா ஜிம்மி கேரிசன். "மை ஃபேவரிட் திங்ஸ்" ஒரு பிராட்வே நாடகப் பாட்டு, குழந்தைங்க பாடுற மாதிரி இருக்கும். அதை எடுத்து சோப்ரானோ சாக்ஸ்ல ஏறக்குறைய பதினாலு நிமிஷம் வாசிச்சாரு, சோலோ முழுக்க ரெண்டே கார்டு ஊஞ்சல் மாதிரி ஆடிகிட்டு இருக்கும், டைனரோட இடது கை கீழ அடிச்சுகிட்டே இருக்கும். சோப்ரானோவோட அந்த நாதம் எனக்கு எப்பவும் ஒத்து வச்சு வாசிக்கிற நாகஸ்வரம் பக்கம்தான் மனசைக் கொண்டு போகும். 1961 நவம்பர்ல வில்லேஜ் வேன்கார்டு கிளப்புல பதிவு பண்ண பாட்டுக்கு "இந்தியா"ன்னே பேர் வச்சாரு, அதுல ரெண்டு பேஸ், எரிக் டால்ஃபி பேஸ் கிளாரினெட், கார்டு மாற்றம்னு ஒண்ணும் இல்ல, ஒரே ஆதாரம். ரவிசங்கரோட ரெக்கார்டுகளை அவர் அந்த சமயத்துல ஊறி ஊறி கேட்டுகிட்டு இருந்தாரு. அதே நவம்பர்ல டவுன்பீட் பத்திரிகையில ஒரு விமர்சகர் இதை ஜாஸ்க்கு எதிரானதுன்னு எழுதினாரு. அடுத்த வருஷம் கோல்ட்ரேனும் டால்ஃபியும் அதே பத்திரிகையில உட்கார்ந்து பொறுமையா பதில் சொன்னாங்க, கோபப்படல.

1963 செப்டம்பர் 15, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம்ல கறுப்பர்களோட சர்ச்சுல வெள்ளை இனவெறிக் கூட்டம் குண்டு வச்சு நாலு சின்னப் பொண்ணுங்க செத்துப் போனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கோல்ட்ரேன் "அலபாமா" பதிவு பண்றாரு. தொடக்கத்துல டைனர் பியானோவோட அடி சுரங்களை உருட்டிகிட்டே இருப்பாரு, தாளம் கிடையாது, அதுக்கு மேல சாக்ஸ் ஒரு துக்க வீட்டுல பெரியவர் எழுந்து பேசற மாதிரி பேசும், நிறுத்தும், திரும்ப பேசும். தாத்தாவோட பிரசங்கம்னு சொன்னேனே, அது இங்க வந்து நிக்குது. கார்டு இதுல தேவையே படல. ஒரு ஆதாரம், ஒரு குரல்.

"எ லவ் சுப்ரீம்" பத்தி எழுதாதவங்களே கிடையாது, அதனால ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்றேன். 1964ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல டிக்ஸ் ஹில்ஸ் வீட்டு மாடியில நாள்கணக்கா தனியா இருந்து எழுதிட்டு இறங்கி வந்தாரு, மலையிலேருந்து மோசே இறங்கி வந்த மாதிரி இருந்துச்சுன்னு ஆலிஸ் பின்னாடி சொன்னாங்க. அந்த வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி ரூடி வான் கெல்டரோட நியூ ஜெர்சி ஸ்டூடியோவுல பதிவு. நாலு பாகம். முதல் பாகத்துல பேஸ் நாலு சுரத்துல ஒரு சின்ன பிடி பிடிக்கும், கோல்ட்ரேன் அதை எடுத்து பன்னெண்டு சுருதியிலும் தூக்கித் தூக்கி வச்சு வாசிப்பாரு, எங்க போனாலும் இதேதான் இருக்குன்னு காட்டுற மாதிரி, கடைசியில சாக்ஸை இறக்கிட்டு அதையே வாயால ஜபம் மாதிரி சொல்வாரு. நான் சொல்ல வந்த இடம் நாலாவது பாகம், "சாம்". அட்டையில கோல்ட்ரேன் எழுதின ஒரு கடவுள் துதி அச்சாகியிருக்கும். அந்த தாளை கையில வச்சுகிட்டு, பாட்டைப் போட்டு, வரி வரியா விரல் வச்சு படிச்சுப் பாருங்க. சாக்ஸ் அந்த துதியைத்தான் வாசிக்குது, அசை அசையா, ஒரு அசைக்கு ஒரு சுரம், கடவுளுக்கு நன்றின்னு வர்ற இடத்துலல்லாம் அதே மாதிரி ஒரு இறக்கம். லூயிஸ் போர்ட்டர்ங்கற ஆய்வாளர் இதை விளக்கி எழுதி வச்சதாலதான் நமக்கெல்லாம் வெளிச்சமாச்சு. நான் முதல் தடவை அப்படிப் படிச்சப்ப மூணாவது வரியிலேயே கை நடுங்கிடுச்சு, எத்தனை தடவை கேட்ட பாட்டு, பேசிகிட்டே இருந்திருக்கு, எனக்குத்தான் காதுல விழல.

இதுக்கப்புறம் வர்ற ரெண்டரை வருஷம்தான் எல்லாரும் கதவை சாத்துற இடம். கார்டு போயாச்சு, அடுத்து அவர் இறக்கி வச்சது தாளத்தை. "அசென்ஷன்", அப்புறம் ரெண்டு டிரம்மர், 1965 கடைசியில டைனர் விலகிட்டாரு, என் பியானோ எனக்கே கேக்கலன்னு. எல்வின் ஜோன்ஸும் போயிட்டாரு. ராஷித் அலி வந்தாரு, அவர் டிரம்ஸ்ல எண்ணி வைக்கிற அடி கிடையாது, அலை மாதிரி வந்துகிட்டே இருக்கும். 1967 பிப்ரவரியில இவங்க ரெண்டு பேர் மட்டும் பதிவு பண்ண "இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்"ல சாக்ஸும் டிரம்ஸும் கொஞ்சம் மணியும் தவிர எதுவுமே இல்ல. அதைத்தான் பின்பாதி கோல்ட்ரேனுக்குள்ள நுழைய வழியா நான் சொல்வேன், கூட்டம் இல்லாததால என்ன நடக்குதுன்னு தெளிவா கேக்கும்.

ரவிசங்கரை நேர்ல சந்திச்சு பாடமும் கேட்டுகிட்டாரு, 1965ல பொறந்த பையனுக்கு ரவின்னு பேர் வச்சாரு. ரவிசங்கருக்கு இவர் மேல ரொம்ப மதிப்பு, ஆனா இவ்வளவு படிச்சு, சைவமா மாறி, கீதை படிக்கிற மனுஷனோட இசையில ஏன் இத்தனை கொந்தளிப்புன்னு அவருக்குப் புரியலன்னு சொல்லிருக்காரு. இந்த இடத்துல நான் கோல்ட்ரேன் பக்கம். ஹேம்லெட்ல பொறந்து, பர்மிங்ஹாமைப் பார்த்து, ஹெராயினைத் தாண்டி வந்த ஒருத்தர் அமைதியைத் தேடுறாருன்னா அந்த தேடல்ல சத்தம் இருக்கத்தான் செய்யும். 1966 ஜூலையில ஜப்பான் போனப்ப நாகசாகி நினைவிடத்துல நின்னு பிரார்த்தனை பண்ணாரு. பத்து வருஷம் கழிச்சு என்னவா இருக்க விரும்புறீங்கன்னு அந்தப் பயணத்துல ஒருத்தர் கேட்டதுக்கு, ஒரு புனிதரா இருக்க ஆசைன்னு பதில் சொன்னாரு. ஒரு வருஷம்தான் இருந்தாரு. 1967 ஜூலை 17, கல்லீரல் புற்றுநோய், வயசு 40.

இப்ப ஆலிஸ். டெட்ராய்ட்ல 1937ல பொறந்தாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி மெக்லியாட். சின்ன வயசுலேருந்து சர்ச்சுல பியானோ, ஆர்கன். பீபாப் நல்லா தெரிஞ்ச பியானோக்காரி, பாரிஸ் போயி பீபாப் பியானோ மேதை பட் பவல்கிட்டயே பாடம் கேட்டவங்க. 1963ல டெர்ரி கிப்ஸ் பேண்டுல வாசிச்சுகிட்டு இருந்தப்ப நியூயார்க் பேர்ட்லேண்டு கிளப்புல கோல்ட்ரேன் குவார்ட்டெட்டும் அதே மேடையில, அங்கதான் ரெண்டு பேருக்கும் பழக்கம். டைனர் போனதும் 1966ல பேண்டுல பியானோ இவங்கதான். உடனே பேச்சு கிளம்பிடுச்சு, பொண்டாட்டியைக் கொண்டு வந்து உட்கார வச்சுட்டாருன்னு. அந்த கால லைவ் ரெக்கார்டுகள்ல அவங்க கையைக் கவனிங்க, கார்டு அமுக்குறதே குறைவு, ரெண்டு கையும் பியானோவோட இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் அலை அலையா ஓடும், அப்பவே அது ஹார்ப்தான்.

நிஜ ஹார்ப்பை ஆர்டர் பண்ணது ஜான். வந்து சேர்ந்தப்ப அவர் இல்ல. ஆலிஸுக்கு 29 வயசு, நாலு குழந்தைங்க, கடைசிப் பையன் கைக்குழந்தை. சாப்பாடு தூக்கம் எல்லாம் போயி உடம்பு கரைஞ்சு, தன்னைத்தானே வருத்திக்கிட்ட காலம்னு பின்னாடி அவங்களே எழுதிருக்காங்க. அந்த இருட்டுல ஒரு கை கொடுத்தவர் சுவாமி சச்சிதானந்தா. நம்ம ஊர்க்காரர், கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிபாளையத்துல 1914ல பொறந்த ராமசாமி, ரிஷிகேஷ்ல சிவானந்தர்கிட்ட சன்னியாசம் வாங்கி, இலங்கையில பல வருஷம் இருந்துட்டு 1966ல நியூயார்க் போனவர். 1969 வுட்ஸ்டாக் ராக் இசை விழாவை தொடங்கி வச்சுப் பேசினாரே, அதே சாமியார். சிவானந்தர் பத்தமடைக்காரர். ஹார்லெம்லயும் டெட்ராய்ட்லயும் வளர்ந்த கறுப்பர் இசையும் கொங்கு நாட்டுலேருந்து போன ஒரு சன்னியாசியும் லாங் ஐலண்டுல ஒரு வீட்டு பேஸ்மென்ட்டுல சேர்ந்தாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

அந்த பேஸ்மென்ட் ஸ்டூடியோவுலதான் 1970 நவம்பர்ல "ஜர்னி இன் சச்சிதானந்தா" பதிவாச்சு. போட்டதும் முதல்ல வர்றது தம்புரா. அப்புறம் செசில் மெக்பீ பேஸ்ல ஒரு சின்ன பிடி, அது கடைசி வரைக்கும் சுத்திகிட்டே இருக்கும். மணி, டிரம்ஸ், அதுக்கு மேல ஹார்ப் தண்ணி தெளிக்கிற மாதிரி விழும், அப்புறம் ஃபேரோ சாண்டர்ஸோட சோப்ரானோ சாக்ஸ் உள்ள வரும். பத்து வருஷத்துக்கு முன்னாடி "நைமா"ல ஒரு பேஸ்காரர் விடாம பிடிச்ச அந்த ஒத்தை சுரம், "இந்தியா"ல ரெண்டு பேஸ் சேர்ந்து பிடிச்ச ஆதாரம், இங்க நிஜ தம்புராவாவே வந்து உட்கார்ந்துடுச்சு. ஜான் தேடிகிட்டு போன சுருதி அவர் வீட்டுக்குள்ளயே, அவர் மனைவி கையில. இதைக் கேட்டதுக்கப்புறமும் ஆலிஸை பின்குறிப்பா எழுதறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு. ரெக்கார்டு முடிஞ்ச கையோட டிசம்பர்ல சச்சிதானந்தாவோட இந்தியா கிளம்பினாங்க, அஞ்சு வார யாத்திரை.

அப்புறம் "யூனிவர்சல் கான்ஷியஸ்னெஸ்", அதுல ஆர்கனும் வயலின்களும். 1972ல ஜானோட பழைய டேப்புகளுக்கு மேல ஸ்டிரிங்ஸும் ஹார்ப்பும் சேர்த்து "இன்ஃபினிட்டி" வெளியிட்டப்ப ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க, செத்தவர் ரெக்கார்டுல கை வைக்கலாமான்னு. எனக்கு அந்த ஆல்பம் முழுசா ஒத்துக்கல, அந்த ஸ்டிரிங்ஸ் சில இடத்துல சாக்ஸை மூடுது. ஆனா கூட வாசிச்சவங்க, கூட வாழ்ந்தவங்க, அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னு தெரிஞ்சவங்க, அவங்களுக்கு இல்லாத உரிமை ரெக்கார்டு வாங்கின நமக்கு எங்கேருந்து வந்துச்சு?

1976ல சன்னியாசம், துரியசங்கீதானந்தான்னு பேர். 1978க்கு அப்புறம் கம்பெனி ரெக்கார்டுகளை நிறுத்திட்டாங்க. கலிஃபோர்னியாவுல சாண்டா மோனிகா மலையில அகூராங்கற இடத்துல 1983ல ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமை பஜனை. ஆசிரமத்துல இருந்தவங்கள்ல நிறைய பேர் கறுப்பர்கள், ஆலிஸ் ஆர்கன்ல உட்காருவாங்க, கிருஷ்ணா கோவிந்தான்னு சமஸ்கிருத நாமம், அதுக்கு அடியில டெட்ராய்ட் சர்ச்சோட கைதட்டலும் உருளுற தாளமும். கேக்காதவங்களுக்கு இதை எழுதிக் காட்ட முடியாது, ரெண்டும் ஒட்டவே ஒட்டாதுன்னு தோணும், கேட்டா பிறந்ததுலேருந்து ஒண்ணா இருந்த மாதிரி இருக்கும். இந்த பஜனைகளை கேசட்டா போட்டு பக்தர்களுக்கு மட்டும் கொடுத்துகிட்டு இருந்தாங்க. முதல் கேசட் 1982ல வந்த "துரியா சிங்ஸ்", நாப்பத்தஞ்சு வயசுல முதல் தடவையா ரெக்கார்டுல அவங்க குரல். கீழ்ஸ்தாயியில, அவசரமே இல்லாம, பெரிய பாடகிங்கற நினைப்பே இல்லாம பாடுற குரல்.

2004ல பையன் ரவி, அவரும் பெரிய சாக்ஸ் கலைஞர், அம்மாவை திரும்ப ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வந்து "டிரான்ஸ்லீனியர் லைட்" பண்ண வச்சாரு. 2007 ஜனவரி 12ஆம் தேதி ஆலிஸ் காலமானாங்க. 2018 நவம்பர் காட்டுத்தீயில ஆசிரமக் கட்டடம் எரிஞ்சு போச்சு.

"துரியா சிங்ஸ்" கேசட்டுல குரலுக்குப் பின்னாடி சிந்தசைசர், ஸ்டிரிங்ஸ்னு நிறைய அடுக்கு இருக்கும். அதெல்லாம் சேர்க்கறதுக்கு முன்னாடி இருந்த மூல மிக்ஸ் ஒண்ணு ரவி கையில கிடைச்சுது, அதுல அம்மாவும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டும். அதைத்தான் 2021ல "கீர்த்தன்"னு வெளியிட்டாரு. போட்டதும் ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடிக்கும், அது அடங்கறதுக்குள்ள குரல் மெதுவா அதுக்கு மேல வந்து உட்காரும்.